மார்கழியில் பெரிய வெள்ளி

நவம்பர் 24, ஞாயிறு

பகலில்தான் எழுத முடிகிறது. பொழுது பட்டபின் இந்த மடத்தில் எரிவது ஒரேயொரு விளக்கு. அதன் கீழே உட்கார்ந்து எழுதினால் மடத்துத் தலைவி மதர் என் தோலை உரித்துவிடுவார்.

கன்னியர் பயிற்சியில் இருந்தபோது தினமும் ஆன்மாவைச் சோதித்து எழுதச் சொல்லித் தந்தார்கள். என் ஆன்மாவைச் சோதித்தால் பயத்தைத் தவிர வேறெதுவும் அகப்படாது. சின்ன வயதில் தவளைக்கும் இடிக்கும் பயம். இப்போது குண்டு போட வருகிற பொம்மருக்குப் பயம். தவளைப் பயமும் போகவில்லை.

இன்று கிறிஸ்து அரசர் திருநாள். பூசை இல்லை. பாதர் யூஜின் பிள்ளைகளுக்கு அரிசியும் மருந்தும் வாங்கி வருவதாகச் சொல்லி டவுனுக்குப் போனார். அவர் போனதும் இராணுவத்தார் பாதையைப் பூட்டிவிட்டார்கள். எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. போகுமுன் ஒரு பாத்திரம் நிறைய அப்பங்களைப் பூசையில் எழுந்தேற்றம் செய்து நற்கருணையாக்கிப் பீடத்துப் பேழைக்குள் வைத்துவிட்டு, நாளாந்தம் அதை நன்மையாகக் கொடுக்க மதருக்கு அனுமதியும் தந்துவிட்டுப் போனார். அந்த வெள்ளை அப்பங்கள் உள்ளே இருக்கும்வரை பேழைக்குப் பக்கத்தில் இரவும் பகலும் விளக்கு எரிய வேண்டும். ஆண்டவர் உள்ளே இருக்கிறார் என்பதற்கு அது அடையாளம். நான் சொன்ன ஒரேயொரு விளக்கு அதுதான். சிவப்புக் கண்ணாடிக்குள் ஒரு திரி.

போன மாதம் விழுந்த ஷெல், கோவில் கூரையில் சரியாகப் பீடத்துக்கு மேலே இருந்த ஓடுகளைக் கொண்டுபோய்விட்டது. சங்கிலித்தாம் மனுவேற்பிள்ளை ஏறிக் கிடுகு வைத்துக் கட்டினார். காற்று அதையும் கொண்டுபோனது. கோவிலைக் கூட்டி, மணியடித்து, விளக்குக்கு எண்ணெய் விடுகிற கிழவர் அவர். இனி ஏறினால் முழங்கால் விட்டுவிடும் என்கிறார். ஹெலி சுற்றுகிற நேரத்தில் வேறு எவனும் கூரையில் ஏற மாட்டான்.

ஆகவே அந்த ஓட்டை வழியாக எங்கள் சிவப்பு விளக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நவம்பர் 26, செவ்வாய்

மழை. வானம் கறுத்துக் கிடக்கிறது. ஒரு விமானமும் வராது. தேவனுக்குத் தோத்திரம்.

நவம்பர் 28, வியாழன்

வானம் வெளித்துவிட்டது. காலையிலிருந்து நான் வாசலுக்கு வந்து வந்து மேலே பார்க்கிறேன்.

பிள்ளைகள் இப்போது கோவிலுக்குள்தான் படுக்கிறார்கள். பங்கர் குழிக்குள் இடுப்பளவு மழைத்தண்ணீர். அதில் தவளைகள் குடித்தனம் நடத்துகின்றன. கோவில் சுவர் பழைய முருகைக்கல், ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. ஓட்டைக்கு நேர்கீழே நனைகிற இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் பாய் விரித்திருக்கிறோம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், இருந்தும் எங்கே என்று தெரியாத பிள்ளைகள். எல்லாம் பெண்பிள்ளைகள்.

அதிலே மெறீனா என்றொன்று, ஏழு வயது. இரவில் பாயை நனைக்கும். பகலில் என் உடுப்பின் தொங்கலைப் பிடித்துக்கொண்டு குசினிக்கும் கிணற்றடிக்கும் இழுபடும். சவர்க்காரம் இல்லாத காலத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு பாய் கழுவ வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் சீனி ஒளித்து வைத்திருக்கிறேன், கத்தாமல் இருக்கட்டும் என்று.

இன்று பின்னேரம் விதானையார் வந்தார். ஊருக்குப் பொறுப்பான மனிதர். கதிரை போட்டும் உட்காரவில்லை.

"மதர், ஒரு பீடி பத்தக்கூட நாங்கள் விடுறதில்ல. உங்கட கோயிலுக்குள்ளால செக்கச்செவேலெண்டு தெரியுது. சனம் பயப்பிடுது."

மதர் கொன்சொலாத்தா உயரமான மனுஷி. குரலை உயர்த்தவே மாட்டார்.

"தம்பி, அது வீட்டு லாம்பில்ல."

"எனக்கு விளங்குது மதர். மேல இருந்து பாக்கிறவனுக்கு விளங்குமே?"

"உள்ள அவர் இருக்கிறார். அவரை இருட்டில விட்டுட்டு நாங்கள் எங்க போறது?"

விதானையார் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் பக்கம்தான் என் மனசு என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

மிச்சத்தை வெள்ளி காலையில் எழுதுகிறேன்: இரவு செபமாலை நேரத்தில் விமானம் வந்தது. நாங்கள் பாய்களில் குப்புறக் கிடந்தோம். சத்தம் தலைக்கு மேலே வந்து, போய், திரும்பி வந்தது. நான் அருள்நிறைந்த மரியே சொல்லவில்லை. "நூர்ந்து போ, நூர்ந்து போ" என்று அந்த விளக்கைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வயதுக் கன்னியாஸ்திரி ஒருத்தி ஆண்டவரின் விளக்கு அணைந்து போக வேண்டும் என்று மன்றாடுவதை அந்தக் கோவில் இதற்குமுன் கேட்டிருக்காது.

நவம்பர் 30, சனி

இன்று பிடிபட்டேன்.

மதர் குளிக்கப் போன நேரம் பார்த்து, குசினியில் அரிசி அளக்கிற கொத்துப் பேணியின் அடியில் துளை போட்டு விளக்கின் மேல் கவிழ்த்து வைத்தேன். சிவப்பு வெளிச்சம் மறைந்தது. மூன்று செபம் சொல்லுமுன் புகைந்து அணைந்துவிட்டது. திரும்பக் கொளுத்துவதற்குள் மதர் நனைந்த தலையோடு வாசலில் நின்றார்.

"சிஸ்டர் எமில்டா, விளக்கைக் கொளுத்தி மரக்காலுக்குக் கீழ வைக்கக்கூடாதெண்டு ஆண்டவர் சொன்னதைப் பற்றி நீர் பிள்ளையளுக்கு என்ன படிப்பிக்கிறனீர்?"

"அது மரக்கால் மதர். இது கொத்து."

என் வாய் இப்படித்தான். பயம் கூடினால் பகிடி வரும். மதர் சிரிக்கவில்லை, ஏசவுமில்லை. நெருப்புக்குச்சிக்குக் கையை நீட்டினார். விளக்கு எரிந்தபின்தான் தலையைத் துவட்டினார்.

"மதர், ஒரு விளக்குக்காக இவ்வளவு பிள்ளையளையும்..." என்று தொடங்கினேன்.

"விளக்குக்காக இல்ல. போன கிழமை யோசேப்பின்ர மனுசி வயித்தில காயத்தோட கிடந்து என்ன கேட்டவள்? தண்ணி கேட்டவளே? நன்மை கேட்டவள். நான் கொண்டோடிக் குடுத்தன். வாயில வைச்ச உடன அவளின்ர முகத்தைப் பாத்தனீர்தானே? பாதர் இல்லாத ஊரில சாகிறவைக்குக் குடுக்க எங்களிட்ட இது ஒண்டுதான் மிச்சம். அவர் இருந்தா விளக்கும் இருக்கும்."

 அந்த முகத்தை நானும் பார்த்திருந்தேன். பயத்தில் கோணியிருந்த முகம் அப்படியே தளர்ந்தது.

மனுவேற்பிள்ளை அப்பு வந்து கொத்தைத் தூக்கி வெளியே வைத்தார். ஒரு கிழமைக்கு என்னோடு கதைக்க மாட்டார்.

டிசம்பர் 1, ஞாயிறு

கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. மெழுகுதிரி இல்லை. மெழுகுதிரி இல்லாமலே ஒளி வருகிறது என்று பாடினோம்.

மெறீனா கேட்டது: "சிஸ்டர், வெளிச்சம் வா வா எண்டு ஏன் படிக்கிறம்? வெளிச்சம் வந்தா பொம்மர் வருமெல்லோ?"

"வாயை மூடிக்கொண்டு படி" என்றேன். மறைக்கல்வி ஆசிரியைக்கு இது போதாத பதில்தான்.

டிசம்பர் 4, புதன்

நேற்று இரவு நடந்ததை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். எழுதாவிட்டால் இன்றைக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது.

பக்கத்துக் குறிச்சியில் ஒரு செத்தவீடு. வயதுபோய்ச் செத்த மனுஷி, யுத்தத்தில் இல்லை. பொழுதுபட்டதும் பெட்டியடியில் ஒரு பெற்றோமக்ஸ் கொளுத்தியிருக்கிறார்கள். செத்த உடலை இருட்டில் வைத்திருக்க மனசு வராதே. கிடுகால் சுற்றி மறைத்துமிருக்கிறார்கள்.

முதலில் விமானத்தில் வந்தவன் பரா வெளிச்சம் போட்டான். குடை விரித்துக்கொண்டு மெதுவாக இறங்குகிற அந்த வெளிச்சம். எங்கள் கூரை ஓட்டை வழியாக அது உள்ளே வந்தபோது பாயின் கோரை ஒவ்வொன்றும் தெரிந்தது. பிள்ளைகளின் கண்ணிமைகள் தெரிந்தன. இவ்வளவு வெளிச்சத்தை நான் என் ஆயுளில் கண்டதில்லை. எங்கேயும் ஒளிய முடியாது. கடைசி நாளில் எல்லாம் வெளிச்சத்துக்கு வரும் என்று படித்திருக்கிறோம். அது இப்படித்தான் இருக்குமென்றால் எனக்கு அந்த நாள் வேண்டாம்.

பிறகு குண்டு விழுந்தது. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் செத்தவளோடு போனார்கள். காலையில் மதரும் நானும் போனோம். மேலே எழுத மாட்டேன்.

திரும்பி வரும்போது வரம்பில் மதர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். வந்ததும் கோவிலுக்குள் போய் விளக்கின் முன்னால் முழந்தாளிட்டவர், நான் மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டும் எழும்பவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

விதானையார் ஊர்ச் சனத்தோடு வந்து வளவுக்குள் நின்றார். ஒருவரும் சத்தம் போடவில்லை. சும்மா நின்றார்கள். அது சத்தம் போடுவதைவிட மோசம்.

அவர்கள் போனபின் மதர் என்னைக் கூப்பிட்டார். கோவிலுக்குள் தனியாகப் பேச வேண்டுமாம். வெங்காயம் உரிக்க இருக்கிறது என்றேன். குசினியில் வெங்காயம் கண்டு மாதக்கணக்கு. மதருக்கும் அது தெரியும்.

"ஏன் சிஸ்டர் நீர் கோயிலுக்குள்ள தனிய வாறதில்ல? நான் கனநாளாப் பாக்கிறன்."

கேட்டுவிட்டார். நானும் சொல்லிவிட்டேன். இந்த விளக்கு எரிகிறபடியால்தான் உள்ளே யாரோ இருக்கிறார் என்று நம்புகிறேன். தனியாக வந்து நின்றால் பேழைக்குள் ஒருவரும் இல்லை என்று தோன்றுகிறது. விளக்கு அணைந்து, அதற்குப் பிறகும் ஒன்றும் மாறாமல் இருந்தால் அது நிச்சயமாகத் தெரிந்துவிடும். பொம்மரைவிட எனக்கு அதுதான் பயம். விளக்கை அணைக்க ஆசைப்படுகிறவளும் நான்தான், அணைந்தால் என்ன தெரியுமோ என்று நடுங்குகிறவளும் நான்தான்.

மதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு இருட்டெண்டாப் பயம்" என்றார். "சின்னனில இருந்து. இஞ்ச வந்த நாளில இருந்து அந்தச் சிவப்பைப் பாத்துக்கொண்டுதான் நித்திரை கொள்ளுவன். ஆண்டவரைத் தனிய விடேலாது எண்டு உங்களுக்குச் சொல்லிக்கொண்டு திரியிறன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது.

"மதர், ஆண்டவர் செத்த பெரிய வெள்ளிக்கிழமை விளக்கு எரியிறதில்லையே."

"அண்டைக்குப் பேழை வெறுமை."

"வெறுமையாக்குவம். எல்லாத்தையும் நாங்களே நன்மையா வாங்குவம். அவர் உள்ள இல்லாட்டி விளக்கு நூக்கிறது பாவமில்லை."

மதர் நிமிர்ந்தார். "பிறகு சாகிறவைக்கு?"

"சாகாமல் இருக்கிறவையைப் பாப்பம்."

"ஒண்டை மட்டும் எடுத்து வைப்பம், சிஸ்டர். ஒரேயொண்டு. ஆருக்காவது..."

"ஒண்டு இருந்தாலும் விளக்கு வேணும், மதர்."

அவருக்கே தெரியாததா? அழுதார். மதர் அழுது நான் பார்த்தது இதுதான் முதல்.

டிசம்பர் 7, சனி

நேற்று வெள்ளிக்கிழமை. பொழுதுபட முன்னர் எல்லாரையும் கோவிலுக்குள் கூட்டினோம்.

மனுவேற்பிள்ளை அப்புவிடம் மதரே போய்ச் சொன்னார். அப்பு எண்ணெய்ப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ர கலியாணத்தண்டும் எண்ணெய் விட்டுட்டுத்தான் மாப்பிளையாப் போனனான். நீங்கள் என்னை நூக்கச் சொல்லுறியள்."

"நீங்கள் நூக்க வேண்டாம் அப்பு. வந்து நன்மை வாங்குங்கோ, காணும்."

"வாங்கினா நானும் உதுக்குக் கூட்டு. எனக்கு வேண்டாம்." போத்தலைப் பீடத்தடியில் வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார். பின்னால் ஓடினேன். "தனிய இருக்காதேங்கோ, இஞ்ச வந்து படுங்கோ" என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் நன்மை வாங்காத சின்னதுகள் சிலது இருந்தன. மதர் மெறீனாவை முன்னால் கூப்பிட்டு ஒரு அப்பத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இது ஆர்?"

"ஆண்டவர்" என்றது மெறீனா.

"காணும்" என்றார் மதர்.

வெள்ளை உடுப்பில்லை, தலையில் பூமுடியில்லை, பாட்டில்லை. பாத்திரம் நிறைய இருந்தபடியால் ஒவ்வொருவரும் பலமுறை வரிசையில் வந்தோம். பிள்ளைகள் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு விழித்தன. கடைசி ஒன்றை மதர் எனக்குத் தந்தார். தரும்போது அவர் கை பின்வாங்கியது; அந்த ஒன்றை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். நான் வாயைத் திறந்து காத்திருந்தேன். வைத்தார். பாத்திரத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி அந்தத் தண்ணீரையும் குடித்தார். பெரிய வெள்ளியன்று செய்வதுபோலப் பேழையின் கதவைத் திறந்தபடி விட்டார்.

"நீர் ஊதும்" என்றார்.

ஊதினேன். அணையவில்லை, எனக்குக் காற்று வரவில்லை. திரும்ப ஊதினேன்.

இருட்டு.

சின்னதுகள் கத்தத் தொடங்கின. பெரியதுகள் வாயைப் பொத்தின. யாரோ என் கையைப் பிடித்தார்கள். குளிர்ந்த பெரிய கை. மதர். நான் இறுக்கிப் பிடித்தேன்.

விமானம் வந்தது. சுற்றியது. பரா வெளிச்சம் போட்டான். ஓட்டை வழியாக அது நேரே பீடத்தில் விழுந்தது. நான் பார்க்கக்கூடாது என்று இத்தனை வருஷமாகப் பயந்ததை எனக்குக் காட்டினான்: திறந்த கதவு, உள்ளே வெள்ளைத் துணி, ஒன்றுமில்லை. வெறும் பெட்டி. நான் கண்ணை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

பிறகு என் மடியில் ஏதோ நடுங்கியது. மெறீனா. எப்போது வந்து ஏறியது என்று தெரியாது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று நடுங்கியது. கோவில் முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. வயிற்றுக்குள் ஆண்டவரை வைத்துக்கொண்டு அத்தனை பேரும் நடுங்கினோம். அப்படியென்றால் அவரும் எங்களோடு சேர்ந்து நடுங்குகிறார் என்று நினைத்தேன். சிலுவைக்கு முந்திய இரவு தோட்டத்தில் இரத்தமாக வேர்த்தவருக்கு இது புதிதல்லவே. இது விசுவாசமா, பயத்தில் வந்த புத்திக்கோளாறா என்று எனக்குத் தெரியாது.

பரா வெளிச்சம் எரிந்து முடிந்தது. திரும்ப இருட்டு வந்தபோது "வா" என்று சொன்னேன், வாய்விட்டு. இருட்டு எங்களை மூடிக்கொண்டது. அவன் எதையும் காணாமல் கடலேரிக்குள் குண்டைப் போட்டுவிட்டுப் போனான்.

காலையில் எல்லாப் பிள்ளைகளும் இருந்தன. ஒரு பாய் நனைந்திருந்தது. கழுவிக் காயப்போட்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

நேற்று மத்தியானம், நான் மேலே உள்ளதை எழுதி முடித்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, ஷெல் அடித்தார்கள். பட்டப்பகலில். விளக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மனுவேற்பிள்ளை அப்பு வீட்டு முற்றத்தில் விழுந்தது.

மடத்துக்குத்தான் தூக்கி வந்தார்கள். குசினி விறாந்தையில் கிடத்தினோம். மதர் சீலையைக் கிழித்துக் கட்டினார். கட்டக் கட்ட ஊறியது. மதர் என்னைப் பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டினார்.

அப்புவுக்கு நினைவு தெளிவாக இருந்தது. மூச்சுத்தான் முட்டியது. அவருடைய கண்ணில் இருந்த பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம்.

"மதர், நன்மை" என்றார்.

மதர் கையிலிருந்த சீலையைக் கீழே வைத்தார்.  எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுவிட்டார்.

என் யோசனை. என் வாய். சாகாமல் இருக்கிறவையைப் பாப்பம் என்று சொன்ன வாய். அவருடைய தலைமாட்டில் முழந்தாளிட்டேன்.

"இல்லை அப்பு. ஒண்டுமில்லை. எல்லாத்தையும் குடுத்திட்டம்."

அவர் விளங்காதவர்போல் என்னைப் பார்த்தார். பிறகு விளங்கியது. தலையைக் கோவில் பக்கம் திருப்பப் பார்த்தார். முடியவில்லை.

"நான்தானே வேண்டாமெண்டனான்" என்றார். அழுதார். "எனக்குப் பயமாக் கிடக்கு, சிஸ்டர்."

"எனக்கும்தான் அப்பு."

 நான் மன்றாட வார்த்தை தேடினேன். ஒன்றும் வரவில்லை. பிள்ளைகள் குசினி வாசலில் குவிந்து நின்றன. போகச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பு அவர்களைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

"எல்லாருக்கும். சின்னதுகளுக்கும்."

"அப்ப ஒரு பிள்ளையை இஞ்ச விடுங்கோ."

நான் யாரையும் கூப்பிடவில்லை. என் உடுப்பின் தொங்கலைப் பிடித்துக்கொண்டு ஏற்கெனவே ஒன்று நின்றது. இரத்தத்தைக் கண்டால் அலறுகிற பிள்ளை. நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. தொங்கலை விட்டுவிட்டு அப்புவுக்குப் பக்கத்தில் போய் இருந்தது. அப்பு அதன் கையைத் தேடி எடுத்தார். பூசையில் நன்மை வாங்குமுன் செய்கிறதுபோல இன்னொரு கையால் நெஞ்சில் தட்டினார், மூன்று தரம், மெதுவாக. பிள்ளையின் கையைத் தன் வாயில் வைத்து முத்தமிட்டு அப்படியே வைத்துக்கொண்டார். முகம் தளர்ந்தது. யோசேப்பின் மனைவியின் முகத்தில் பார்த்தேனே, அதே தளர்வு. வேறு மாதிரி இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

மதர் வந்து அப்புவின் கண்களை மூடினார்.

பிறகு நான் ஒரு சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து மெறீனாவைக் கூப்பிட்டேன். கையெல்லாம் இரத்தம். அது கையை நெஞ்சோடு பொத்திக்கொண்டது.

"தா, கழுவ வேணும்."

"கழுவேலாது சிஸ்டர்" என்றது. "நன்மை குடுத்தாப்பிறகு மதர் கழுவின தண்ணியைக் குடிக்கிறவ. நீங்கள் கொண்டுபோய் ஊத்திப்போடுவீங்கள்."

நான் அதன் கையைச் சட்டிக்குள் பிடித்துக் கழுவினேன். தண்ணீர் சிவந்தது. மதர் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளையும் பார்த்துக்கொண்டு நின்றது. நான் அந்தத் தண்ணீரை வெளியே ஊற்றவில்லை.